கடல் கொண்டது என்னும் வாக்கியம்: மெரினா மணலும் வடசென்னைக் கரையும்

கடலரிப்பு பற்றி நமக்குப் படிக்கக் கிடைக்கும் பிரதிகளில், அது நாளிதழ்ச் செய்தியோ அரசு ஆணையோ பொறியாளர் அறிக்கையோ நம் நண்பர்கள் எழுதும் கவிதையோ எதுவானாலும் சரி, ஒரே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. எழுவாய் கடல். பயனிலை கொண்டது, அரித்தது, விழுங்கியது, ஊருக்குள் புகுந்தது என்பவற்றில் ஏதேனும் ஒன்று. செயப்படுபொருள் வீடு, தெரு, அம்மன் கோயில், படகு, சில வேளைகளில் ஒரு கிராமம் முழுக்க. இலக்கணப்படி இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் குற்றவாளி யார் என்பது வாக்கியத்தின் முதல் சொல்லிலேயே தீர்ந்துபோய்விடுகிறது. கடல்மேல் வழக்குப் போட முடியாது. கடலிடம் நஷ்டஈடு கேட்க முடியாது. மிச்சமிருப்பது ஒப்பாரி, இல்லாவிட்டால் லாரி லாரியாகக் கருங்கல்.

இந்த வாக்கியம் யாருக்கு வசதியாக இருக்கிறது, தமிழ் இலக்கிய மரபு இதற்கு எந்த வகையில் உடந்தையாக இருந்திருக்கிறது என்பதுதான் இங்கே என் கேள்வி. பொதுவாகப் பேசாமல் ஒரு துண்டுக் கரையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன். தெற்கே மெரினா, நடுவே சென்னைத் துறைமுகம், வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று போகும் கரை. நம்மில் பலருக்கும் தெரிந்த கரைதான். பாதி தெரிந்த கரை என்று சொல்வதே சரி. மெரினாவில் காற்று வாங்காத எழுத்தாளர் இல்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் இறங்கிக் கடலைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை.

வங்கக் கடலோரத்தில் மணல் இருக்கும் பொருளல்ல, நடக்கும் பொருள். தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் அலைகள் தெற்குப் பக்கமிருந்து கரையைச் சாய்வாக வந்து தொடுகின்றன. சாய்வாக ஏறிய தண்ணீர் நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலைக்கும் மணல் கொஞ்சம் வடக்கே தள்ளிப் போகிறது. வடகிழக்குப் பருவத்தில் இந்தப் போக்கு திரும்பி மணல் தெற்கே வருகிறது. வருஷக் கணக்கில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிக அதிகம். தெற்கேயிருந்து வடக்கே இழுக்கும் நீரோட்டத்தைச் சென்னை மீனவர்கள் தெண்டி என்கிறார்கள். வடக்கேயிருந்து தெற்கே வருவது வன்னி. அவர்களுக்கு இது பாடப் புத்தகச் செய்தியல்ல, வலை எங்கே விழும் என்கிற அன்றாடக் கணக்கு. ஆக ஒரு ஊர்க் கரை என்பது அந்த ஊருக்குச் சொந்தமான மணலால் ஆனதல்ல. தெற்கூரிலிருந்து வந்து, கொஞ்சநாள் தங்கி, வடக்கூருக்குப் போகிற மணல். வரவும் போக்கும் சரியாக இருக்கிறவரை கரை இருக்கும். வரவை மட்டும் நிறுத்திவிட்டால் கடல் தன்பாட்டுக்குப் போக்கை நடத்திக்கொண்டேயிருக்கும்.

1876இல் சென்னையில் அந்த வரவை நிறுத்தும் வேலை தொடங்கியது. அதற்கு முன் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரமிடும், மசூலாப் படகுக்காரர்கள் ஆளையும் சரக்கையும் அலை கடந்து கரை சேர்ப்பார்கள். வணிகத்துக்கு அது போதவில்லை. கடலுக்குள் இரண்டு கற்கைகளை நீட்டினார்கள். 1881இல் வந்த புயல் கட்டியதில் பெரும்பகுதியைப் புரட்டிப்போட்டது, மறுபடி கட்டினார்கள். வடக்கே நடந்துகொண்டிருந்த மணல் தெற்குக் கையில் முட்டி நின்றது. நின்ற மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகன்றது. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் அடித்துக்கொண்டிருந்த அலை தூரமாகிப் போனது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அந்தக் கரையில் உலாவும் பாதை போட்டு, சிசிலியில் தான் பார்த்த ஒன்றின் நினைவாக அதற்கு மெரினா என்று பெயரும் வைத்தார். துறைமுகத்தின் கிழக்கு வாயில் மணலால் தூர்ந்துபோக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாயிலையே வடகிழக்குக்கு மாற்றினார்கள். அதை முன்னின்று செய்த பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத்தையொட்டிக் கரையோர மணல் நகர்வதைப் பற்றித் தனியே ஆய்வுரையே எழுதியிருக்கிறார். தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரியும்.

தெற்கே சேர்ந்தது வடக்கே போயிருக்க வேண்டிய மணல். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் வர வேண்டியது வராமல் போனதால் அங்கே கரை தேயத் தொடங்கியது. தெருக்கள் போயின, குப்பங்கள் பின்வாங்கின, சாலையையே அலை தின்றது, கருங்கல் சுவர் வந்தது. எண்ணூர் சாலையையொட்டி ஒரு குப்பத்தில் அந்தக் கல்மேல் உட்கார்ந்து வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், கடல் எப்போது ஊருக்குள் வந்தது என்று கேட்டேன். நானும் அதே வாக்கியத்தில்தான் கேட்டேன், வேறு வாக்கியம் நம்மிடம் எங்கே இருக்கிறது? அவர் சொன்னார்: "கடலு எங்க சார் வந்துச்சி? அது எப்பவும் வந்து போறதுதான். மண்ணு வர்றதுதான் நின்னுபோச்சி. அத்த எழுது."

கவனிக்க வேண்டும். இந்த வாக்கியத்தில் எழுவாய் மாறிவிட்டது. மண் வருவது நின்றது என்றால் அடுத்த கேள்வி தானாக எழுகிறது: யார் நிறுத்தினார்கள்? கடல் வந்தது என்றால் அந்தக் கேள்விக்கு இடமேயில்லை. மெரினாவும் ராயபுரமும் இரண்டு கடற்கரைகள் அல்ல, ஒரே கணக்கின் வரவும் செலவும். ஒரு பக்கத்தை அழகு என்கிறோம், மறுபக்கத்தை இயற்கைச் சீற்றம் என்கிறோம்.

*

இனி மெரினாவில் என்ன செய்தோம் என்று பார்க்கலாம். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி அங்கே சிலைகள் வைக்கப்பட்டன. வள்ளுவர், ஒளவை, கம்பர், இளங்கோ, கண்ணகி, பாரதி, பாரதிதாசன், கால்டுவெல், போப், வீரமாமுனிவர். அடுத்த ஆண்டிலிருந்து தலைவர்களின் நினைவிடங்கள். தமிழ்ப் பெருமிதத்தின் திறந்தவெளிப் பாடநூலாக ஒரு கடற்கரை எழுதப்பட்டது. அந்தப் பாடநூல் அச்சான தாள் வடசென்னைக்குப் போயிருக்க வேண்டிய மணல் என்பது எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. கண்ணகி சிலையை 2001இல் இரவோடிரவாக எடுத்ததும் 2006இல் திரும்ப வைத்ததும் எத்தனை விவாதங்களைக் கிளப்பின என்பது நினைவிருக்கும். சிலை இருக்கலாமா கூடாதா என்று பேசினோம். சிலைக்குக் கீழே இருப்பது யார் மணல் என்று பேசவில்லை.

இதைச் சொல்லும்போது மெரினா மீனவர்கள் ஏதோ லாபம் அடைந்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சேர்ந்த மணல் அவர்களுக்குச் சேரவில்லை. 1985இல் மெரினாவை அழகுபடுத்துவதற்காகக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முனைந்தபோது எதிர்ப்பு எழுந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 2023 ஏப்ரலில்கூட நொச்சிக்குப்பம் இணைப்புச் சாலையோர மீன் கடைகள் ஆக்கிரமிப்பு என்று அகற்றப்பட்டன. மணல் சேரும் கரையில் மீனவர் ஆக்கிரமிப்பாளர். மணல் தேயும் கரையில் மீனவர் பேரிடர் பாதிப்புக்குள்ளானவர். இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றுதான்: அங்கிருந்து போ. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005 மார்ச்சில் ஓர் அரசாணை வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் தம் இடத்தை அரசிடம் ஒப்படைத்துவிட்டு அப்பால் போகச் சம்மதித்தால் புது வீடு. பாதுகாப்பு என்கிற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல உதாரணம். நகரக் குப்பங்களிலிருந்து கொண்டுபோனவர்களைச் செம்மஞ்சேரியில் இறக்கினார்கள், கடலும் கடல் தொழிலும் கண்ணுக்கெட்டாத தூரத்தில். சென்னைச் சேரிகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களைக் குவித்துவைத்திருக்கும் இன்னோர் இடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயர். நீதி கேட்டவளின் பெயரை எங்கே வைக்க வேண்டும் என்று நமக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

*

கடல் கொண்டது என்கிற சொற்றொடரைத் தமிழில் தற்செயலாகப் பயன்படுத்த முடியாது. அதற்குப் பெரிய பரம்பரை இருக்கிறது. பஃறுளியாறும் குமரிமலையும் கடலுக்குள் போனதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இறையனார் களவியல் உரையில் தென்மதுரையும் கபாடபுரமும் போகின்றன. அடியார்க்கு நல்லார் நாற்பத்தொன்பது நாடு, எழுநூறு காவதம் என்று அளந்தே கொடுத்துவிட்டார். 1864இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் குரங்கினங்களின் பரவலை விளக்குவதற்காகக் கற்பித்த லெமூரியாவை 20ஆம் நூற்றாண்டுத் தமிழர்கள் இந்த உரைகளோடு தைத்துக் குமரிக்கண்டம் ஆக்கினார்கள். 1981 மதுரை உலகத் தமிழ் மாநாட்டில் தமிழக அரசின் செலவில் எடுத்த ஆவணப்படமாகவும் அது ஓடியது. சு.கி. ஜெயகரன் 'குமரி நில நீட்சி'யில் நிலவியல் நோக்கில் இந்தக் கண்டத்தைக் கேள்விக்குட்படுத்தினார். சுமதி ராமசாமி 2004இல் வந்த தம் ஆங்கில நூலில், இழப்பு என்கிற உணர்வே எப்படி ஒரு தேசியக் கற்பனையைக் கட்டுகிறது என்று விரிவாக எழுதினார். அவற்றை நான் இங்கே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன் போனதாகச் சொல்லப்படும் ஒரு கண்டத்துக்காகக் கண்ணீர்விட நமக்கு ஒரு முழுச் சொல்லாடல் இருக்கிறது: வரைபடம், பாடநூல், திரைப்படம், மேடைப்பேச்சு. போன வருஷம் போன ஒரு தெருவுக்கு என்ன இருக்கிறது? உள்பக்கத்தில் நாலு வரிச் செய்தி.

பழைய நிலத்தின் இழப்பு தமிழனின் இழப்பு ஆகிவிடுகிறது. குப்பத்தின் இழப்பு மீனவனின் இழப்பாகவே நின்றுவிடுகிறது. பட்டினவரும் பரதவரும் முக்குவரும் தமிழ் நிலத்தின் ஐந்தில் ஒரு திணைக்கு உரியவர்கள் என்று மேடையில் சொல்வோம். ஆனால் அந்தத் திணையின் நிலம் போகும்போது அது தமிழ் நிலம் போவதாக யாருக்கும் தோன்றுவதில்லை. கண்டம் போனால் வரலாறு, குப்பம் போனால் வானிலை.

இதில் இன்னொரு விநோதம். நாம் பழம்பெருமைக்காகக் காட்டும் பிரதிகளே இந்த விஷயத்தில் நம்மைவிட நேர்மையானவை. மணிமேகலையில் புகார் கடலுக்குள் போகிறது. ஏன் போகிறது? சோழன் மகனைக் கடலில் இழந்த துயரத்தில் இந்திரவிழாவை மறந்தான். அதனால் சாபம் பலித்தது. காரணம் தெய்வக் காரணம்தான், நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் காரணம் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் அரசனின் கடமையோடு கட்டப்பட்டிருக்கிறது. நகரம் அழிந்தால் ஆண்டவனைக் கேட்கலாம் என்று அந்தக் காப்பியத்துக்குத் தெரிந்திருக்கிறது. அரசுச் செலவில் 1973இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் கட்டியவர்கள் நாம். அந்தக் கரையையும் இன்று கருங்கல் போட்டுத்தான் காத்துக்கொண்டிருக்கிறோம். சாத்தனார் அரசனைக் கைகாட்டினார். நம் அறிக்கைகள் கடலைக் கைகாட்டுகின்றன.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இலக்கணம் வகுத்தாயிற்று. பிரிந்து போனவனை நினைத்துக் கரையில் நின்று வருந்துவது. அடும்பு படர்ந்த மணல்மேடும் புன்னை நிழலும் அந்த வருத்தத்துக்குப் பின்னணி. நவீன இலக்கியம் இதிலிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' 1977இல் வள்ளத்துக்கும் லாஞ்சுக்குமான மோதலை எழுதியது. ராஜம் கிருஷ்ணன் 'அலைவாய்க் கரையில்' எழுதினார். தோப்பில் முஹம்மது மீரான் கடலோரக் கிராமத்தின் அதிகாரத்தை உள்ளிருந்து பார்த்தார். ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு'வில் (2004) ஆழ்கடலின் உழைப்பை, மரணத்தை அதுவரை தமிழில் இல்லாத அடர்த்தியோடு கொண்டுவந்தார். இவற்றைக் குறைத்துச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. ஆனாலும் இவற்றில் நிகழ்ச்சி என்பது பெரும்பாலும் கடலுக்குள்ளோ மனசுக்குள்ளோ நடக்கிறது. கரை காத்திருக்கிற இடம், சண்டை போடுகிற இடம். கரையே ஒரு பாத்திரமாக, தேய்ந்துகொண்டிருக்கும் பாத்திரமாக, வருவதில்லை. கடலுக்குப் போகிறவன் ஆண், கரையில் இருப்பவள் பெண் என்கிற பிரிவினையோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். கடல் வீரம், கரை இரங்கல். ஆகவே கரை போனாலும் இரங்கினால் போதும் என்றாகிவிட்டது. குற்றம் சாட்டுவதற்கான மொழி நெய்தலுக்கு ஒதுக்கப்படவேயில்லை.

*

கரை போனால் உண்மையில் என்ன போகிறது? வீடு என்று நாம் சட்டென்று சொல்கிறோம், புகைப்படத்தில் விழுவது அதுதான். வீட்டுக்கு முன்பே போவது வேலைத்தலம். கட்டுமரத்தையும் ஃபைபர் படகையும் ஏற்றிவைக்க மணல் வேண்டும். கரைவலை இழுக்க அகலமான, கல்லில்லாத கரை வேண்டும். இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று பின்னால் நடந்துகொண்டே இழுக்கிற வலை அது. வலை காயப்போட, பழுதுபார்க்க, மீன் பிரிக்க, ஏலம் விட, கருவாடு காயவைக்க, பஞ்சாயத்துப் பேச, திருவிழா நடத்த, பிள்ளைகள் விளையாட, இதற்கெல்லாம் தனித்தனிக் கட்டடம் கிடையாது, எல்லாம் ஒரே மணல். கருவாடு காயவைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை, அவர்கள் கையில் நேரடியாகப் புரளும் காசு. மணல் போனதும் முதலில் காலியாவது அந்தக் காசுதான். இது எந்தச் சேத மதிப்பீட்டிலும் வருவதில்லை. இடிந்த சுவரைத்தான் வருவாய்த்துறை அளக்கும்.

கருங்கல் சுவர் வீட்டைக் காப்பாற்றலாம், கரையைக் காப்பாற்றாது. கல்லில் மோதிய அலை வேகம் குறையாமல் திரும்பி, காலடியில் மிச்சமிருக்கும் மணலையும் பறித்துக்கொண்டு போகிறது. கல் சரிகிறது. கொஞ்ச வருஷம் கழித்து மேலே இன்னும் கல். உள்நாட்டுக் குன்றுகளை உடைத்துக் கடலில் போடுகிற இந்தத் தொழில் ஒருநாளும் முடியாது, முடியவும் கூடாது என்றே அதில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சுவர் வந்த ஊரில் படகைக் கரையேற்ற முடியாது. அப்படியானால் காசிமேட்டுத் துறைமுகம் மாதிரி ஓரிடத்துக்குப் போக வேண்டும். துறைமுகத்தில் சின்னத் தொழில்காரனுக்கு என்ன மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. போகவர டீசல், மண்ணெண்ணெய், அதற்குக் கடன். கடனுக்கு மீனை இன்ன வியாபாரிக்கே போட வேண்டும் என்கிற கட்டு. மணல் போவது என்பது இப்படிப் படிப்படியாக ஒருவன் தன் தொழிலுக்கு அந்நியனாவது.

அடுத்தது தூண்டில் வளைவு. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் கை. மீன்பிடிக்கிறவனின் சொல்லையே எடுத்து அவன் கரைக்கு முள்ளாகப் போட்டதுபோல் இருக்கிறது இந்தப் பெயர். அதற்குத் தெற்கே மணல் சிக்கும், வடக்கே போகாது. சின்ன அளவில் அதுவும் ஒரு துறைமுகம்தான். ராயபுரத்துக்கு வடக்கே வரிசையாக இவற்றைப் போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் கரை திரும்பியும் இருக்கிறது, சும்மா சொல்லக் கூடாது. ஆனால் வரிசையின் கடைசி வளைவுக்கு வடக்கே இருப்பவனுக்கு என்ன கதி? அவன் சாலை மறியல் செய்து தனக்கும் ஒரு வளைவு கேட்கிறான். கிடைக்கிறது. அதற்கு வடக்கே இன்னொருவன். சுற்றுச்சூழல் நண்பர்கள் சிலர், மீனவர்களே தூண்டில் வளைவு கேட்கிறார்களே, இவர்களுக்கு விவரம் போதாது என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது அபத்தமாகப் படுகிறது. வீட்டு வாசலில் அலை நிற்கும்போது அவனுக்கு முன்னால் அரசு வைத்திருக்கும் பட்டியலில் இருப்பது இரண்டே பண்டம்: கல், அல்லது காலி செய். அவன் கல்லைக் கேட்கிறான். நீங்கள் வேறென்ன கொடுத்தீர்கள்? அதிகாரத்தின் சாமர்த்தியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. துறைமுகத்துக்கும் குப்பத்துக்கும் இடையிலான வழக்கு, தெற்குக் குப்பத்துக்கும் வடக்குக் குப்பத்துக்கும் இடையிலான சண்டையாக மாறிவிடுகிறது. மணல் திருடியவன் படத்தில் இல்லை.

எல்லை வேறு குறுக்கே வந்தால் கேட்கவே வேண்டாம். 1989இல் புதுச்சேரியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல்கைகள் கட்டினார்கள். வடக்கே புதுச்சேரி நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காக்கக் கல் போட்டார்கள். அரிப்பு இன்னும் வடக்கே நகர்ந்து சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுப் பகுதிக்குள் நுழைந்தது. அரித்த துறைமுகம் ஒரு அரசினுடையது, அரிக்கப்பட்ட ஊர் இன்னொரு அரசினுடையது. யார் யாரைக் கேட்பது? பின்னாளில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்கடியில் திட்டுக் கட்டி, நகர உலாவும் பாதைக்கு முன்னால் மணலைத் திரும்ப வரவழைத்தது. முடியாத காரியமில்லை என்று அது நிரூபித்தது. எங்கே முடியும், யாருக்காக முடியும் என்பதையும் சேர்த்தே நிரூபித்தது. சுற்றுலாப் பயணி நடக்கும் இடத்தில் மணல், குப்பத்துக்காரன் நடக்கும் இடத்தில் கல்.

*

சட்டத்தின் மொழியையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். குப்பத்து நிலத்தில் பெரும்பகுதி பட்டா நிலமல்ல, வருவாய்ப் பதிவேட்டில் புறம்போக்கு. தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் காகிதத்தில் அது யாருடையதுமல்ல. யாருடையதுமல்லாத நிலம் கடலில் போனால் யாரும் எதையும் இழக்கவில்லை. மத்திய அரசின் நிவாரணத்துக்குரிய பேரிடர்ப் பட்டியலில் புயல், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சுனாமி, ஆலங்கட்டி மழை, பூச்சித் தாக்குதல்கூட உண்டு. கரை அரிப்பு கிடையாது. மெல்ல நடப்பது பேரிடராகாது போலும். 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு, ஆற்றரிப்பையும் கடலரிப்பையும் தடுக்க 1,500 கோடி ரூபாயும் அதனால் இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வுக்கு 1,000 கோடியும் நாடு முழுமைக்கும் பரிந்துரைத்தது. தடுப்புக்கு மனிதரைவிட ஒன்றரை மடங்கு. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் கணக்குப்படி 1990க்கும் 2016க்கும் இடையில் இந்தியக் கடற்கரையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கும் தமிழ்நாட்டுக் கரையில் 41 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளாகியிருக்கின்றன. கிலோமீட்டரில் கணக்கு இருக்கிறது. தலைக்கணக்கு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

கேரளத்தில் கடலரிப்பை மாநில அளவில் பேரிடராக ஏற்றிருக்கிறார்கள். அங்கே அதைக் கடலாக்கிரமணம் என்கிறார்கள். கடல்தான் அங்கே ஆக்கிரமிப்பாளர், நம்மூரில் மீனவர். பெயர் மாறினால் எல்லாம் மாறிவிடுமா என்றால் அதுவும் இல்லை. வீடிழந்த வலியதுறைக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்காகச் சிமெண்ட் கிடங்கில் கிடந்தன. 2022இல் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு எதிராக மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியபோது, வேலையை நிறுத்திவிட்டு அரிப்பை ஆராயுங்கள் என்று கேட்டதற்கு வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்ற பட்டம்தான் கிடைத்தது. கேள்வி எளிமையானது: கல்லுக்கும் மணலுக்கும் என்ன தொடர்பு? அதைக் கேட்டாலே மையத்துக்கு ஏன் பதறுகிறது?

1991இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, எத்தனையோ ஓட்டைகளோடு, உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டரை ஒரு எல்லையாகவாவது வைத்தது. 2019 ஜனவரியில் வந்த புது அறிவிக்கை மக்கள்தொகை அடர்ந்த கிராமக் கரைகளில் கட்டுமானத் தடைப் பகுதியை 50 மீட்டராகச் சுருக்கியது. கடலோரம் இருந்தே ஆக வேண்டிய நடவடிக்கை என்ற பெயரில் துறைமுகங்களுக்கு வழி எப்போதும் திறந்தே இருந்திருக்கிறது. மீன்பிடிப்பைவிடக் கடலோரம் இருந்தே ஆக வேண்டிய நடவடிக்கை வேறெது?

இப்போது எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றம் என்கிறார்கள். கடல்மட்டம் உயர்வது உண்மை. உலகச் சராசரியில் ஆண்டுக்கு மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அதுவும் வேகம் கூடிக்கொண்டு. வரும் காலத்தில் இந்தக் கரைகளுக்கு அது எமனாகலாம். ஆனால் ராயபுரக் கரை தேய்ந்தபோது யாரும் இந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. ஒரு துறைமுகக் கை சில வருஷங்களில் மீட்டர் கணக்கில் செய்ததை, மில்லிமீட்டர் கணக்கின் மேல் ஏற்றிவிடுவது பழைய வாக்கியத்தின் புதுப் பதிப்பு. எழுவாய் இன்னும் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். முன்பு கடல், இப்போது பூமி. இன்னும் யாரையும் கேட்க முடியாத இடத்துக்கு வழக்கைத் தூக்கிப்போட்டாயிற்று.

நம் பக்கத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கடலின் மக்கள், கடல் தாயின் பிள்ளைகள் என்று மீனவர்களைப் புகழ்ந்து எழுதுவது இயக்கத் துண்டறிக்கைகளில் வழக்கமாகிவிட்டது. தாய் அடித்தால் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? இந்தப் புகழ்ச்சியும் அவர்களைக் குடிமக்கள் என்கிற இடத்திலிருந்து கிளப்பி இயற்கையின் பக்கம் உட்காரவைக்கிறது. ஊர் ஒற்றுமை என்ற பெயரில் குப்பத்துக்குள் இருப்பதை மறைப்பதும் இதோடு சேர்ந்தது. பஞ்சாயத்தில் பெண்கள் உட்கார முடியாதது, கடலோரத்தில் கூலிவேலை செய்து பிழைக்கும் தலித்துகள் 2004க்குப் பிந்தைய நிவாரணத்தில் ஒதுக்கப்பட்டது, இவையும் கரையின் கதைதான். மணல் கேட்கிற வழக்கில் யாரெல்லாம் வாதிகள் என்பதை இப்போதே பேசிக்கொள்வது நல்லது.

எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று வந்து, 2018இல் அதானி கைக்குப் போனது. 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டது. அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரியையும் கடலையும் பிரித்து நிற்பது ஒரு ஒடுங்கிய மணல் பட்டை. அங்கே உள்ள ஊர்க்காரர்களிடம் பேசினால் சென்னையின் கதையை அவர்கள் வடக்கிலிருந்து தெற்காகச் சொல்கிறார்கள், முதலில் காட்டுப்பள்ளி, பிறகு எண்ணூர், பிறகு பெரிய துறைமுகம் என்று, யார் யாருடைய மண்ணை எங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள் என்கிற கணக்காக. அந்தக் கணக்கை வாங்கி எழுதுவதற்கு இலக்கிய நண்பர்கள் சில மாதங்களாவது அங்கே போயிருக்கலாம். கோரிக்கையாக்குவதற்கும் வழி இருக்கிறது. விசாகப்பட்டினத் துறைமுகத்தில் தெற்குக் கல்கையருகே சேரும் மணலை வாரி எடுத்து, தடையைத் தாண்டி வடக்குக் கரையில் கொட்டுகிறார்கள். சரியாகச் செய்கிறார்களா, போதுமான அளவா என்பது வேறு விவாதம். துறைமுகம் தடுத்த மணலைத் துறைமுகத்தின் செலவிலேயே வடக்கே கொண்டுசேர்க்க முடியும் என்று அங்கே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். 1876லிருந்து சென்னைத் துறைமுகம் பிடித்துவைத்த மணலுக்கு அப்படியொரு கணக்கை ராயபுரத்திலிருந்து யாராவது எழுத்துமூலம் கேட்டால், பதில் சொல்ல வேண்டிய அலுவலகம் கடலுக்குள் இல்லை, ராஜாஜி சாலையில் இருக்கிறது.